தறியின் ஓசையை இசையால் மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணப்படங்களுக்குப் பார்வையாளர்கள் கூடிவருவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரிய தகவல்கள் கிடைப்பதால்தான் மக்கள் பார்க்கிறார்கள் என்கிறது கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. தகவலுக்குப் பத்து வரிச் செய்தி போதும். ஒருவர் தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறதே, அதற்காகத்தான் ஆவணப்படம் பார்க்கிறோம்.

கைத்தறி ஒன்றைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களில், ஓர் இழை அறுகிறது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா நிற்கிறது. நெசவாளர் குனிந்து, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, துண்டு இழை சேர்த்து முடிச்சிட்டு, இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும், சீப்புப் போன்ற அச்சிலும் கோத்து இழுத்துவிட்டு மறுபடி மிதியில் கால் வைக்கிறார். படத்தில் வேறெதுவும் நடக்காவிட்டாலும் பார்ப்பவர் கண்ணை எடுக்கமாட்டார். ஆனால் பலர் ஐந்தாவது விநாடியிலேயே ஷாட்டை வெட்டி, மேலே வீணை இசையைப் போட்டு, "பாரம்பரியம் மிக்க" என்று வர்ணனையைத் தொடங்கிவிடுகிறார்கள். வேலை முடிந்த பிறகும் பத்து விநாடி கேமராவை ஓடவிட வேண்டும். முகத்தில் உணர்ச்சி அப்போதுதான் வரும்.

புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் ஒலியில்தான் கெடுகின்றன. கைப்பேசியின் மைக்கை மட்டும் நம்பி ஆறடி தள்ளி நின்று பேட்டி எடுத்தால், பேச்சோடு அறையின் எதிரொலியும் பதிவாகும். பேச்சு நின்றதும் கருவி தானாக ஒலியளவை ஏற்றி, மின்விசிறி இரைச்சலை முன்னால் கொண்டுவரும். காலர் மைக்கை மார்பில், மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சட்டைக்குள் மறைத்தால் துணி உரசும். விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது ஃபிரிட்ஜை மறுபடி ஓடவிட மறக்கமாட்டீர்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும். எடிட்டிங்கில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஒலி அறுந்து தெரியாமல் இருக்க இதுதான் கைகொடுக்கும். பதில் சொல்லி முடித்தவரிடம் உடனே அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். நான்கு விநாடி பொறுத்தால், சொல்லாமல் விட்டதை அவரே சொல்வார்.

படம் பிடிப்பதில் ஒன்று மட்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் விநாடிக்கு 25 பிரேமும், 1/50 விநாடி ஷட்டர் வேகமும் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடாது.

இன்னொன்று, எடுத்ததில் வேண்டாததைக் கழிப்பது. பயண எழுத்தாளர் ஏ.கே.செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகள் சுற்றித் திரட்டியது சுமார் 50,000 அடி பிலிம். 1940இல் திரைக்கு வந்தது சுமார் 12,000 அடி. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்டதைப் பார்த்துப் பார்த்து இரண்டேகால் மணிக்குக் கொண்டுவந்திருக்கிறார்! இன்று எடுப்பதற்குச் செலவு குறைவு என்பதால் மலைபோலக் குவிக்கிறார்கள், எடுத்ததை முழுக்க உட்கார்ந்து பார்ப்பதில்லை. பார்க்காமல் வெட்டும்போது முதலில் பறிபோவது அந்த நெசவாளர் முடிச்சுப் போடும் ஷாட்தான்.

உங்கள் இதழில் ஆவணப்பட விமர்சனம் வரும்போது இயக்குநர் பெயரோடு ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆவணப்பட ஆர்வலர் ஒருவர்,
காஞ்சிபுரம்