கள்ளிமுளையான் அனுப்பியிருக்கிறேன்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. துவையல் அரைப்போமே, அந்தக் கள்ளிமுளையான் செடியின் நாலைந்து குச்சிகளைப் பழைய பேப்பரில் சுற்றி கூரியரில் போட்டிருக்கிறேன். பிரித்ததும் "ஐயோ, வாடிப்போச்சே" என்று தண்ணீரில் முக்கிவிடாதே. வெட்டி நிழலில் காயப்போட்டுத்தான் கட்டினேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால்தான் அழுகாமல் வேர் பிடிக்கும்.

அகலமான, ஆழமில்லாத மண்தொட்டி வாங்கு. பிளாஸ்டிக்கில் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பாதிக்கு மேல் பருமணலும் உடைத்த செங்கல் துண்டும், மீதி செம்மண். நர்சரிக்காரர் தேங்காய்நார்த் தூளை உன் தலையில் கட்டப் பார்ப்பார், இதற்கு அது வேண்டாம். குச்சியை ஓர் அங்குலம் ஊன்றி, சாய்ந்தால் ஒரு கல்லை முட்டுக்கொடு. முதல் ஒரு வாரம் தண்ணீரே காட்டாதே. அப்புறமும் மண் அடிவரை காய்ந்த பிறகுதான். சென்னைக் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் இழுத்துவிடு. அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் யோசிக்காமல் மேலே நல்ல பாகத்தை வெட்டிக் காயவைத்து மறுபடி நடு.

உச்சிவெயிலில் வைக்காதே. நம் கரட்டில் இது முள்புதர் அடியில், பாறை இடுக்கில்தானே நிற்கும்? ஆடு மாடு வாய்க்குத் தப்பவும், வெயில் சல்லடையாக விழவும் அதுதான் இடம். இலை என்று பேருக்குத்தான், துளிர்த்ததும் உதிர்ந்துவிடும். நாலுபட்டைத் தண்டுதான் எல்லா வேலையும் பார்க்கிறது. இரவில் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை இழுத்துச் சேர்த்துவைத்து, பகலில் மூடிக்கொள்ளும். தண்ணீர் வீணாகாது.

பெயரில் கள்ளி இருந்தாலும் இது எருக்கு, நன்னாரி குடும்பம். முள் கிடையாது, ஒடித்தால் பால் வடியாது. பால் வடிந்தால் அது வேறு கள்ளி, வாயில் வைக்கவே கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. பூ சின்னதாக, கருஞ்சிவப்பாக வரும். மோந்து பார்க்க ஆசைப்படாதே, அந்த வாடை ஈக்களுக்கானது! பிறகு எருக்கங்காய் மாதிரி, ஆனால் ஒல்லியாக, ஜோடிக்கொம்பாகக் காய்க்கும். வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும், முன்கூட்டியே மெல்லிய துணி கட்டிவை. விதையிலும் வரும், ஆனால் குச்சிதான் சுலபம்.

இதை 1795-லேயே ராக்ஸ்பரோ என்ற வெள்ளைக்கார டாக்டர் சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய தன் நூலில் படத்தோடு போட்டுவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் பசிக்குப் பச்சையாக மென்றது, இப்போது உடம்பு இளைக்கும் மாத்திரையாகிவிட்டது. பெங்களூரில் 50 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு இதன் சாரமும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 60 நாள் கொடுத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். சாரம் சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன, எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதற்குள் மாத்திரை விற்கிறவர்கள் கூவத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இதுதான்: வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினால் அந்த இடத்தில் மறுபடி எது முளைக்கும்? கணுவுக்கு மேலே அறுத்தால் பக்கத்தில் கிளைக்கிற செடி இது. அதனால்தான் ஆன்லைனில் கட்டுக்கட்டாக வருவதை வாங்காதே என்கிறேன். உன் தோழிகள் கேட்டாலும் தொட்டியிலிருந்து ஒரு குச்சி வெட்டிக் கொடு.

துவையலுக்கு இந்த வருஷம் கை வைக்காதே, தொட்டி நிறையட்டும். உளுந்தும் புளியும் எவ்வளவு என்று அம்மா போனில் சொல்வாள். பார்சல் வந்ததும் ஒரு போட்டோ அனுப்பு.

அப்பா