தோட்டத்து வீட்டுக்கு ரைஃபிள் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயி, பார்வைக்கு அழகாகவும் காரியத்துக்கு உதவும்படியாகவும் ஒரு ரைஃபிள் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதியவர்கள் அனைவரும் .315 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) ரைஃபிளையே சிபாரிசு செய்திருந்தார்கள். ஆனைமலை அடிவாரத்தில் தென்னையும் நிலக்கடலையும் வைத்துக்கொண்டு, 22 ஆண்டுகளாக உரிமம் பெற்ற துப்பாக்கியோடு குடியிருப்பவன் நான். தோட்டத்து வீட்டுக்கு ரைஃபிளே வேண்டாம், ஒற்றைக் குண்டுக்குப் பதில் சிறு ரவைகளைச் சிதறவிடும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி போதும் என்பது என் கருத்து.

.315 அழகான பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளையர் ஆட்சியில் தடை இருந்ததால், லீ என்ஃபீல்டு என்ற ராணுவ ரைஃபிளின் போல்ட் அமைப்பை (தோட்டாவை ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் தாழ்) வைத்துக்கொண்டு, குழலையும் தோட்டாவையும் மட்டும் மாற்றி இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி அது. .303 இன்றும் தடை செய்யப்பட்ட ரகம்; .315-க்கு உரிமம் கிடைக்கும். அந்த போல்ட்டை இழுத்துத் தள்ளும் ஓசைக்கே மயங்கிப் பணம் கட்டியவர்களை அறிவேன். ஆனால் அது வேட்டைக்கென்று பிறந்த ஆயுதம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் வேட்டையை முடித்து வைத்துவிட்டன. குறி தவறிய ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். எங்கள் பக்கமோ சமதளம். வாய்க்கால் மேட்டைத் தவிர குண்டைத் தாங்க ஒன்றும் கிடையாது. அடுத்த தோட்டத்துச் சாளை வீடு 400 மீட்டரில் இருக்கிறது. சிறியதுதானே என்று நினைக்கப்படும் .22-க்கும் இதே நிலைதான். ஒரு மைலுக்கு மேல் அபாயம் என்ற எச்சரிக்கையை அதன் தோட்டாப் பெட்டியிலேயே பார்க்கலாம். 12 போரின் சிறு ரவை 250 மீட்டருக்குள் வலுவிழந்து உதிர்ந்துவிடும்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தோன்றினால் ரைஃபிளில் இருப்பது போன்ற சுழல் வரிகள் உள்ளே வெட்டப்படாத, வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கியையும்தான் சொல்கிறது. பயிருக்காக என்று எழுதி ரைஃபிள் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வருவதில் வியப்பில்லை.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது, அது தவறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்வார்கள். மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏர்கன்னால் தொட்டாலும் சிறைதான். ஆகவே தோட்டத்துத் துப்பாக்கியின் வேலை, ஒதுக்குப்புறத்தில் குடியிருப்பவர்களுக்குத் துணையாக இருப்பதும், தென்னம்பிள்ளையைத் தோண்ட வந்த பன்றிக் கூட்டத்தை ஆபத்தில்லாத திசையில் வைக்கும் ஒரு வேட்டால் கலைப்பதும்தான். அதற்கு எதற்கு ரைஃபிள்?

இனி அழகு. பழைய இங்கிலீஷ் இரட்டைக் குழல்கள் ஆயுதக் கடைகளில் செகண்ட் ஹேண்டாக வருவதுண்டு. அவற்றில் குழல் முழுவதும் நீர்ச்சுழி போன்ற கோலம் ஓடும் டமாஸ்கஸ் ரகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த குழல் அது, கரிமருந்துக் காலத்துக்கானது. இன்றைய தோட்டாவை அதில் போட்டு வெடித்தால் குழல் கிழிந்து இடது கை போய்விடக்கூடும். சுவரில் மாட்ட வேண்டுமானால் வாங்குங்கள். மற்றபடி, எண்ணெய் குடித்துக் கறுத்த வால்நட் கட்டையும், கிரீச்சிடாமல் திறந்து மூடும் கீலும் இருந்தால் அழகுக்குக் குறைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் மணி நேர்க்கோட்டில் தெரிந்தால்தான் அந்தக் கட்டை உங்கள் உடம்புக்கானது. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

இதை அனுபவப்பட்டே சொல்கிறேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒருமுறை மழைக்காலத்துக்குள் என்னால் போய் வாங்க முடியவில்லை. திரும்பி வந்தபோது இடது குழலுக்குள் அம்மைத் தழும்பு போலத் துரு. இரட்டைக் குழலாக இருந்ததால், கருவி எதுவுமின்றி மூன்று துண்டாகக் கழற்றி, இருபுறமும் திறந்த குழலில் கம்பியை விட்டு, மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துச் சரிசெய்தேன். தழும்பில் பாதி இன்னும் இருக்கிறது. அன்று முதல் ஒப்படைப்பதற்கு முன் குழலுக்குள் கிரீஸ் தடவி, துணி சுற்றியே கொடுக்கிறேன். வீட்டில் இருக்கும்போது அதே மூன்று துண்டும் ஒரு பூட்டுக்குள்ளும், தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கும். இரண்டு சாவியும் என் அரைஞாணில்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஆனைமலை.