இடது சீட்டுக்கு எதிரே

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் உன் அம்மா. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும். சோழவந்தான் அத்தை வீட்டு நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கதையைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன் கார்.

சித்திரைத் திருவிழா எதிர்சேவை அன்று காலையில் தெருவில் நிறுத்தி உன் காரைக் கழுவினேன் அல்லவா, அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் கொடுத்தனுப்பிய ஜிபிஎஸ் கருவியை இடது சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டில் வட்டு ஒட்டி அதன்மேல் நிறுத்தியிருக்கிறாய். அந்த இடத்தை விரலால் தடவிப் பார். ஒரு மூடியின் விளிம்பு தட்டுப்படும். பக்கத்திலேயே ஏர்பேக் என்று பொறித்திருக்கிறது. வண்டி மோதினால் அந்த மூடியைப் பிளந்துகொண்டுதான் பை வெளியே வரும். நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் விரிந்துவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் கருவி, வட்டோடு பெயர்ந்து அந்த சீட்டில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். உயிரைக் காப்பாற்ற வைத்த பையே கல் எறிவது போல் ஆகிவிடும். இதை நான் வாசலிலேயே சொன்னேன். "அந்த சீட்டில் யாருப்பா உட்காரப்போகிறார்கள்?" என்று சிரித்தாய்.

உட்காருவார்கள், செல்வி. ஆபீஸ் தோழி உட்காருவாள். உன் அம்மா உட்காருவாள். உட்கார வேண்டியவர் உட்காரும் நாளும் வராமல் போகாது. ஆகவே அந்த வட்டை எடுத்துவிடு. முரட்டுத்தனமாகப் பிய்க்காதே, டாஷ்போர்டின் தோல் உரிந்து வந்துவிடும். தலைமுடி உலர்த்தும் மெஷினால் மிதமாகச் சூடு காட்டு. பசை இளகியதும் தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து, ரம்பம் இழுப்பதைப் போல இரண்டு பக்கமும் இழு. அறுந்து வந்துவிடும். மிச்சப் பசையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடை.

அப்புறம் எங்கே வைப்பது என்று கேட்பாய். கலிபோர்னியாவில் இதற்கென்று சட்டமே இருக்கிறது, 2009 முதல். முன்கண்ணாடியில் ஒட்டுவதானால் டிரைவருக்கு எட்டத்தில் இருக்கும் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள், இல்லாவிட்டால் டிரைவர் பக்கத்துக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள், அதுவும் ஏர்பேக் விரியும் இடத்துக்கு வெளியே. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதை நினைவில் வைத்துப் படி. டிரைவர் பக்கம் என்பது நமக்கு வலது கீழ்மூலை என்று வரும். எனக்கு அந்த மூலை பிடிக்கவில்லை. கண்ணாடி ஓரத்துத் தூண் ஏற்கெனவே ஒரு ஆளை மறைக்கிறது, அதனோடு இதுவும் சேர்ந்தால் வலது பக்கம் திரும்பும்போது ஒரு மொபெட்டே காணாமல் போகும். உன் வண்டிக்கு நடுவில்தான் சரி. ஏசி காற்று வரும் துளைகளுக்கு மேலே, கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டி, முகத்தை உன் பக்கம் திருப்பி வை. தாங்கியின் கை குட்டையாக இருக்கட்டும். நீளக் கை என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் ஆடும், ஆட ஆடப் பிடி தளரும்.

வைத்த பிறகு உன் சீட்டில் நீ எப்போதும் உட்காருவது போல உட்கார்ந்துகொள். யாராவது ஒரு சின்னப் பையனைக் காருக்கு முன்னால் இடமிருந்து வலமாக நடக்கச் சொல். எந்த இடத்திலும் அவன் தலை மறையக் கூடாது. மறைந்தால் இன்னும் தாழ்த்து.

தாங்கியின் ரப்பர் கிண்ணத்தைக் கண்ணாடியில் அழுத்துவதற்கு முன் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. வெயிலில் நிற்கும் காரின் பிளாஸ்டிக் கக்கும் புகை கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்தால் வழுக்கும். அதன்மேல் ஒட்டினால் விராலிமலை வரைக்கும்கூடத் தாங்காது. நன்றாக ஒட்டினாலும் அக்னி நட்சத்திரத்தில் கழன்று விழத்தான் செய்யும். காரை நிறுத்தினால் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள். உள்ளே பேட்டரி இருக்கிறது, மூடிய காரின் வெயில் அதற்கு ஆகாது. கண்ணாடியில் இருக்கும் வட்டத் தடத்தையும் துடைத்துவிடு. தடத்தைப் பார்த்தாலே, கருவி உள்ளே எங்கோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பவன் உண்டு.

ஓடும்போது விழுந்தால் குனியாதே. எங்கே விழுந்தாலும் குனியாதே. ஓரமாக நிறுத்திவிட்டு எடு. பிரேக்குக்கு அடியில் ஒரு பொருள் போய்விட்டால் எத்தனை பெரிய வண்டியும் நிற்காது. வயரும் அப்படித்தான். சாக்கெட்டிலிருந்து கியருக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாய். டாஷ்போர்டு இடுக்கில் சொருகிக் கொண்டுபோ, மிச்ச நீளத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடு. பாண்டி கோயில் எலுமிச்சம்பழத்தை உன் அம்மா டாஷ்போர்டில் வைத்தாள், ஞாபகமிருக்கிறதா? நீ கிளம்பும்போது அதை எடுத்து பின்சீட்டுப் பையில் போட்டது நான்தான். அம்மாவிடம் சொல்லாதே. உருண்டால் அதுவும் பிரேக்குக்குத்தான் போகும். பாண்டி முனி பின்சீட்டில் இருந்தாலும் காப்பாற்றுவார்.

வண்டி ஓட்டுவதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி நான் கற்றுக்கொடுத்தபோதே கிளட்சை விடுகிற பக்குவம் உனக்கு வந்துவிட்டது. உன் அண்ணனுக்கு இன்றும் அது வரவில்லை. சென்னையிலிருந்து ஒருத்தியாக ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் ராத்திரியில் புறப்பட்டு வந்ததை மட்டும் சொல்லவில்லை. ராத்திரியில் ஏன் புறப்பட வேண்டும்? ட்ராஃபிக் இருக்காது என்றாய். சரி. அப்படி ராத்திரி ஓட்டுவதானால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் அது பிரதிபலித்து எதிரே வருவதை மறைக்கும். போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே பதிந்துவிடு. ஓடும்போது திரையைத் தொடாதே, குரல் சொல்வதைக் கேட்டு ஓட்டு. நத்தம் ரோடு மேம்பாலத்தில் வந்தபோது அது உன்னைக் கீழ் ரோட்டில் போகிறவளாகக் காட்டியது என்றாய். அந்தப் பாலம் திறந்தது 2023இல், உன் கருவியில் இருப்பது பழைய வரைபடம். புதுப்பித்துக்கொள். போனையே மாட்டிக்கொள்ளலாமே என்றதற்கு, போன் ஓயாமல் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை என்றாய். யார் அடிக்கிறார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். கருவியில் 'வீடு' என்று உன் வாசலையே பதிந்துவைக்காதே. பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கையோ நாற்சந்தியையோ பதிந்துகொள். காரோடு கருவியை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு உன் வீடு எங்கே என்பதும், அந்த நேரத்தில் நீ வீட்டில் இல்லை என்பதும் ஒரே தொடுதலில் தெரிந்துவிடும். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், கழுவி முடித்ததும் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்க அந்த வீட்டுப் படத்தைத் தொட்டேன். நான்கு செயற்கைக்கோளாவது சிக்கினால்தான் அதற்கு இடம் தெரியும் என்று அண்ணன் சொல்லியிருந்தான், சிக்கியது. தூரம் குறைவாகக் காட்டியது. பஸ் ஓட்டியவனுக்குச் சென்னைத் தூரம் மனப்பாடம். விரலால் தள்ளிப் பார்த்தேன். கோடு அண்ணா நகருக்குப் போகவில்லை, தாம்பரத்தைக்கூடத் தாண்டவில்லை. பெருங்களத்தூரில் ஒரு தெருவில் நின்றது. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறவற்றை வைத்துக் கணக்குப் போடும் கருவிக்குத் தெரிந்த விலாசம், பெற்றவனுக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாக என்றெல்லாம் உன்னை நான் கேட்கப்போவதும் இல்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? கார் நிறுத்த உள்ளே இடம் இருக்கிறதா, தெருவில் நிற்கிறதா? வீட்டுக்காரர் மாடியிலேயே இருக்கிறாரா? இதற்கு மட்டும் பதில் போடு. பணம் வேண்டுமென்றால் அண்ணனிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

வட்டை எடுத்துவிட்டாயா? நான் வந்து பார்க்கும்போது அது அங்கே இருக்கக் கூடாது. இடது சீட்டில் நான்தான் உட்காரப்போகிறேன்.

அத்தை வீட்டுக் கதை எழுத இடமில்லை, அம்மா போனில் சொல்வாள். ஆனி பிறந்ததும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறேன், அம்மா வரவில்லை. தாம்பரத்துக்கு டிக்கெட் எடுப்பதா, எழும்பூருக்கு எடுப்பதா என்று இந்த வாரத்துக்குள் சொல். தாமதித்தால் கீழ் பெர்த் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா