பத்தாம் தேதி இரண்டு முறை விடிந்தது

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். வந்து சேர்ந்த தூரத்தையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் பாதிதான் சொன்னேன் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் வரை 15,300 கிலோமீட்டருக்கு மேல். இடையில் எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரம். உலகின் மிக நீண்ட விமானப் பயணங்களுள் ஒன்றான இது 2013-இல் நிறுத்தப்பட்டு, 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350 விமானம் வந்த பிறகு 2018-இல் மீண்டும் தொடங்கியது. எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே வைத்திருக்கிறார்கள்; சாதாரண வகுப்பே கிடையாது. அலுவலகம் சீட்டு எடுத்துத் தந்ததால்தான் என்னால் அதில் வர முடிந்தது.

நம் வீட்டு உலக உருண்டையில் சிங்கப்பூரையும் நியூவார்க்கையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கக்கோடுகளில் இருப்பதால், நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வட துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் நாங்கள் அந்த வழியில் வரவில்லை. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், ஜப்பானைக் கடந்து பசிபிக் பெருங்கடலின் மேலாகச் சுற்றி வந்தோம். தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகும் இந்தக் கணக்கை, எங்களுக்கு மட்டுமல்ல, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பூகோளம் சொல்லித்தந்த நீங்கள் பக்கத்தில் அமர்ந்து விளக்கியிருக்க வேண்டும் என்று திரையில் அந்த வளைகோட்டைப் பார்த்தபடியே நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி பிறந்த சற்று நேரத்தில் சிங்கப்பூரில் கிளம்பினோம். பசிபிக்கின் மேல் பொழுது விடிந்தது; தேதிக்கோட்டைக் கடந்ததும் மறுபடி ஒன்பதாம் தேதியானது; சற்று நேரத்தில் இருட்டியும் விட்டது. இறங்கியபோது இங்கே பத்தாம் தேதி காலை ஐந்தரை மணி. பேருந்துக்காகக் காத்து நின்றபோது அதே பத்தாம் தேதி எனக்கு இரண்டாம் முறையாக விடிந்தது. அந்த வெளிச்சத்தில்தான், உங்களை விட்டு எவ்வளவு தொலைவு வந்துவிட்டேன் என்பது உறைத்தது.

மே மாதம் நீங்கள் இருவரும் வரும்போது இந்த வழி வேண்டாம் என்பது என் முடிவு. அம்மாவின் மூட்டுவலிக்குப் பதினெட்டரை மணி நேரம் ஒரே இருக்கை ஆகாது. சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம். அங்கே இறங்கி நடந்து, காலை நீட்டி ஓய்வெடுத்துவிட்டு, நியூயார்க்குக்குப் பதினான்கு மணி நேரம். மொத்தத் தூரமும் 14,000 கிலோமீட்டர்தான். நான் வந்ததைவிட 4,000-க்கும் மேல் குறைவு. சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவிடலாம். அம்மா கூச்சப்படக் கூடாது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மருத்துவரிடம் அம்மாவை ஒருமுறை காட்டிவிட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள். அதன் பிறகே சீட்டு எடுக்கிறேன். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. ஞாயிறன்று அந்த நேரத்தில் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்