டயோடு கதிர் வீசாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'கதிர்வீச்சு செலுத்திய டயோடுகள் யுபிஎஸ் வழியாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன, உஷார்!' என்று எழுதியிருந்தீர்கள். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டம்மா வந்து, பேரனை யுபிஎஸ் பக்கம் விடாதீர்கள் என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். தங்கள் இதழுக்கு இருக்கும் செல்வாக்கைக் கண்டு பூரித்துப்போனேன்.

பவர் டயோடு தயாரித்த ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் அறியாததல்ல: சில மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கதிராகப் பாயும் எலக்ட்ரான், சிலிக்கான் படிகத்தில் ஓர் அணுவை இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். அந்தக் காலியிடம் அலைந்து திரிந்து, படிகத்திலுள்ள ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்ளும். அங்கே மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத இடமான 'துளை'யும் சீக்கிரம் சேர்ந்து மறைவதால் டயோடில் மின்னோட்டம் சட்டென்று நிற்கும். படிகத்தில் இந்தக் குறையை உண்டாக்கத்தான் காசு கொடுத்துக் கதிர் பாய்ச்சினோம். அதற்கு முன்பெல்லாம் தங்கத்தை ஊடுருவவிட்டுச் செய்த வேலை இது. கதிர் பாய்ச்ச அனுப்பும்போது, மின்னோட்டத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் வால் நீண்டு இழுத்த கோடு, திரும்பி வந்ததும் நறுக்கென்று முடியும். என்ன, மின்னழுத்த இழப்பும் கசிவும் கொஞ்சம் கூடும். அளவு மிஞ்சிவிட்டால் அடுப்பில் சூடேற்றிக் குறைகளில் ஒரு பங்கை ஆற்றிவிடலாம். அணு நகர்ந்ததே தவிர அதன் கரு மாறவில்லை. பிறகு எங்கிருந்து கதிர் வீசும்? எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் இருட்டில் மின்னுகிறாரா?

இது முதல் தடவையும் அல்ல. நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியின் கேமராவில் படம்பிடிக்கும் சிசிடி சிப்புகள் 1999இல், ஏவிய கொஞ்ச நாளிலேயே பழுதானதற்குச் சூரியப் புயல் காரணம் என்று முன்பு எழுதினீர்கள். உண்மையில், புவியின் கதிர்வீச்சு வளையத்தில் திரிந்த குறைந்த ஆற்றல் புரோட்டான்களை அதன் கண்ணாடிகளே சிப்பின்மேல் குவித்துவிட்டன. அப்புறம் வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் கேமராவை நகர்த்தி மறைத்து வைத்தார்கள். இதை விளக்கி எழுதிய என் கடிதத்தில், 'தங்கள் இதழைத் தவறாமல் படிக்கிறேன்' என்ற முதல் வரியை மட்டும் எடுத்து 'வாசகர் பாராட்டு' பகுதியில் போட்டீர்கள். மிக்க மகிழ்ச்சி.

அறிவியல் பக்கமும் தேய்ந்து அரைப்பக்கமாகி, மிச்சத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம் வருகிறது. ராசிபலனுக்கு மட்டும் ஒரு வரி குறைவதில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். பக்கத்து வீட்டம்மா கண்ணில் படவேண்டும். எனவே ராசிபலன் பக்கத்திலேயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தவறாமல் படிக்கும் வாசகன்,
அம்பத்தூர்