காற்றின் மேல் பழி போடாதே, கலா

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று நீ ஆரணியில் உட்கார்ந்து குமுறுவது தெரியும். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாடி வீட்டுக்காரி மறுபடியும் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள், நீ சிரிப்பாய் என்று தெரியும். அவ்வளவுதான் ஊர்க்கதை.

எழுத வந்தது இருமலைப் பற்றி. முதலில் உன் அண்ணனுடைய இருமல். உன்னுடையதற்குப் பிறகு வருகிறேன்.

மழை முடிகிற நேரத்தில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், டானிக்கும் மாத்திரையும் எழுதினார், "குறையலன்னா வாங்க" என்றார். எத்தனை நாளில் குறைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. டானிக் தீர்ந்ததும் இவர் அதே சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி இன்னொரு பாட்டில் வாங்கி வந்தார். டாக்டரைப் பார்த்தாச்சே, இன்னும் என்ன என்பது இவர் வாதம். பார்த்தது முதல் வாரத்தில். அதற்குப் பிறகு ஒரு மாசம் ஓடிவிட்டதே, அந்த ஒரு மாசத்து இருமலை எந்த டாக்டர் பார்த்தார்?

கேட்டால் கோபம். "இன்னாத்துக்கு இப்போ ஆஸ்பத்திரி? மணலிக் காத்து, லாரிப் பொகை. தண்டையார்பேட்டையில யாருக்குத்தான் இருமல் இல்ல?" தெருவே இவர் பக்கம். ஆளுக்கொரு வைத்தியம் வேறு. தூதுவளை ரசம், கற்பூரவல்லி, அதிமதுரம், எல்லாம் செய்து கொடுத்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

காற்றும் கெட்டதுதான் கலா. கொடுங்கையூர் குப்பைமேடு எரிகிற இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்த்துக் கிடப்போமே, உனக்குத் தெரியாததா. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும், வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளும் நெஞ்சைப் புண்ணாக்கத்தான் செய்யும். ஆனால் புகையில் வாழ்கிறவனுக்கு வேறு நோய் வராது என்று யார் எழுதிக் கொடுத்தது? கையில் ஒரு காரணம் தயாராக இருப்பதால் இன்னொரு காரணத்தை யாரும் தேடுவதில்லை. நம் பக்கத்து ஜனங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இருமல் ஊரோடு சேர்ந்த பொருளாகிவிட்டது, அது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ் அக்காவிடம் போய்க் கேட்டேன். சளிக் காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுக்குழாய் கொஞ்ச நாள் கூச்சத்தோடே இருக்குமாம். மூன்று வாரம் இருமுவது சாதாரணம், சிலருக்கு எட்டு வாரம் வரை இழுக்கும் என்றார். உடனே அடுத்த மூச்சில், "ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா சளி டெஸ்ட் எடுத்துடணும்" என்றார். எட்டு வாரம் என்கிறீர்கள், இரண்டு வாரமும் என்கிறீர்களே என்று கேட்டேன். அவர் சொன்னது என் மனசில் நின்றுவிட்டது. தானாக அடங்கும் என்று காத்திருக்கலாம், காசநோய் இல்லை என்று தெரிந்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

இவரை இழுத்துக்கொண்டு போனேன். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த இடத்தில் நின்று, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் உதவாது. சிபிநாட் என்கிற மிஷினில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்றும், காசநோய்க்குக் கொடுக்கிற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்றும் சொல்லிவிடுகிறது. பைசா செலவில்லை.

ஆனால் சளி பிடிக்கிற டப்பாவைக் கையில் வாங்கியபோது இவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இருமலை விட்டு வைத்ததற்குக் காரணம் காற்று இல்லை, பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் பெரியப்பாவைத் தாம்பரம் சானடோரியத்தில், அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில், விட்டுவிட்டு வந்த கதையை இவரும் சின்ன வயசில் கேட்டவர்தானே. தட்டு தனி, பாய் தனி, பேச்சும் தனி. அந்தக் காலம் போய்விட்டது கலா. அதைப் போக வைத்ததே நம்ம ஊர்தான். 1956-ல் இங்கே ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையம், இப்போது சேத்துப்பட்டில் இருக்கிறதே அதுதான், வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் கிடந்தவர்களும் ஒரே மாதிரி குணமானார்கள் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. சாதாரணக் காசநோய் என்றால் இப்போது ஆறு மாத மாத்திரை. இதையெல்லாம் வரிசையில் நின்றபடியே இவர் காதில் ஓதினேன். பதில் பேசவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

நோய் இல்லை, சரி. இருமல் இருக்கிறதே? இவர் அத்தோடு விடப் பார்த்தார், நான் விடவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் இருந்த மாத்திரை அட்டை ஒன்று விடாமல் பையில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். எனலாப்ரில். கொஞ்ச நாள் முன்னால் பி.பி.க்காக வேறு இடத்தில் ஆரம்பித்துக் கொடுத்த மாத்திரை. நல்ல மாத்திரைதானாம், ஆனால் சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பி விடும், டானிக்குக்கு அது அடங்காது. பி.பி.க்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மாற்றிய பிறகும் இருமல் அடங்க ஒரு மாசம்கூட ஆகலாமாம். இந்தத் தடவை நான் விடாமல் கேட்டேன்: எப்போது திரும்ப வரணும்? நாலு வாரம் கழித்து, குறைந்தாலும் குறையாவிட்டாலும் வரச் சொன்னார். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன். இப்போது ராத்திரியில் இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். போன வாரம் போனில் பேசினாயே, பாதிப் பேச்சு இருமல். மில் தூசிடீ என்று சொல்லி மழுப்பினாய். மாவுத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும், வாஸ்தவம். அப்படியென்றால் அதற்கும் வைத்தியம் உண்டு, போய்ப் பார். தூசிதான் என்று முடிவு கட்ட நீ யார்? உனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நீ போன தடவை வந்தபோதே ரவிக்கை தொளதொளத்தது, டயட் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டாய். அது டயட்டா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. சாயங்காலம் உடம்பு சுடுகிறதா? ராத்திரி வேர்க்கிறதா? உன் வீட்டுக்காரரிடம் சொல்லாவிட்டாலும் என்னிடம் உண்மையைச் சொல். சளியில் ரத்தக்கோடு தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ இந்தக் கடிதத்தைக்கூடப் படித்து முடிக்காதே, அன்றைக்கே ஓடு.

ஊசி போட வந்த அன்று ஸ்கூல் சுவரேறிக் குதித்தவள் நீ. இதில் ஊசி இல்லை, துப்புகிற வேலைதான்.

இன்னொன்று. கடைக்காரரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதே. லிவோஃப்ளாக்சசின் மாதிரி சில மாத்திரைகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி வைக்கும். நாலு நாள் தேவலை மாதிரி இருக்கும், டெஸ்டிலும் பிடிபடாமல் போகலாம், பிறகு பழையபடி கிளம்பும். முன்பே யாரிடமாவது காட்டியிருந்தால் அந்த டாக்டரிடமே போ, பழைய சீட்டைக் கொண்டு போ, எல்லா மாத்திரை அட்டையும் கொண்டு போ. இருமல் ஆரம்பித்த தேதியைத் தோராயமாகவாவது சொல். திரும்ப எப்போது வரணும் என்று கேட்காமல் எழுந்து வராதே.

பங்குனியில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா. எம்.சி. ரோட்டில் புடவை எடுக்க இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் சின்னவள் வந்து கூட்டி வருவாள். டெஸ்ட் ரிசல்ட் சீட்டையும் கையோடு எடுத்து வா, நான் பார்க்கணும். அதற்கு முன்னால் சளி கொடுத்த அன்று ராத்திரி ஒரு போன் போடு.

உன்
விஜி