கோடையைத் தாண்ட வைத்த ஊருக்கு நன்றி மடல்

அழகர்மலை அடிவாரத்து ஊர்ப் பெரியவர்களுக்கும், அப்பத்தாமார்களுக்கும், மாமன் மச்சான்மார்களுக்கும், இளவட்டங்களுக்கும் வணக்கம்.

கண்மாய்க்கு மேற்கே மண்வீடு கட்டிக் குடியேறியிருக்கும் எங்கள் எல்லாக் குடும்பங்களின் சார்பிலும் இதை எழுதுகிறேன். 'தோட்டத்து ஆளுங்க' என்று கூப்பிடுவீர்களே, அந்த ஆட்கள்தான். நேரில் வீடுவீடாக வந்து சொல்லிப் பார்த்தோம். "இதுக்கெல்லாமா நன்றி சொல்வாங்க?" என்று கையில் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். எங்களுக்கு மனசு ஆறவில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் முறை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பெரியாறு வாய்க்காலில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே நம் பக்கமெல்லாம் ஒருபோகம். நமக்குத் திறந்துவிட எப்படியும் ஆவணி, புரட்டாசி ஆகிவிடும். அதுவரை கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்த வருடம் பங்குனி முடிவதற்குள் எங்கள் கிணறு சேறு தட்டிவிட்டது. புதிதாக வந்த குடும்பங்களால் தேவையும் கூடியிருந்தது. ஆழமாகப் போர் போடலாமா என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கண்மாய்க்கரைத் தோட்டத்து மாமா வந்தார். நின்றபடியே சொன்னார்: "போர் போட்டா எங் கிணறும் வத்தும், உங்க கிணறும் வத்தும். பேசாம என் கிணத்துல எடுத்துக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே எங்கள் சோலார் பம்பைக் கழற்றிக்கொண்டு போய் அவர் கிணற்றில் இறக்கினோம். குழாய் போக வரப்பை வெட்டிக்கொடுத்தது அவருடைய தம்பி மகன். காலையில் மாமா கீரைப்பாத்தியும் மாட்டுத் தொட்டியும் நிரப்பி முடித்ததும் எங்கள் முறை. கரைக்குக் கீழே இருக்கிற கிணறு என்பதால் ஊற்று கசிந்துகொண்டே இருந்தது என்றாலும், சித்திரை பிறந்தபின் அவருக்குமே தண்ணீர் தட்டுத்தான். ஒரு நாள் அவர் வெண்டைச் செடி துவண்டு நின்றதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் பம்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் சத்தம் போட்டார்: "செடி சாயங்காலம் நிமிர்ந்துக்கிரும், பிள்ளைகளுக்குத் தண்ணி வேணாமா?" காசைப் பற்றி ஒரே ஒரு தடவை பேச்செடுத்தோம். முகம் சுருங்கிப்போனது. பிறகு பேசவில்லை.

இந்தத் தண்ணீரை நாங்கள் எப்படிச் செலவழித்தோம் என்பதை ஊருக்குச் சொல்வது எங்கள் கடமை. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குத்தான் போனது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவதில்லை, சாம்பல்தான். ஆறப்போட்டு, நன்றாக மக்கிய பிறகு மரங்களுக்கு எருவாகிறது. முதலில் முகம் சுளித்த மதினிமார்கள் பிறகு வந்து வந்து பார்த்து விவரம் கேட்டதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.

தண்ணீரின் அருமையை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் அரிட்டாபட்டி மலையையும் சுனைகளையும் அந்த ஊர்க்காரர்கள் காத்து வந்ததால்தான் 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர் வட்டாரமே திரண்டு நின்றதையும், 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானதையும் பார்த்தோம். அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைப் பகிர்ந்து கொடுக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் புயல்காற்று ராத்திரி. அக்னி நட்சத்திரம் முடியப்போகிற நேரம், பகலெல்லாம் புழுக்கம். இருட்டியதும் சுழற்றி அடித்த காற்றில் பொதுச் சமையற்கூடத்துக் கூரை பாதி பிய்த்துக்கொண்டு போனது. மழையில் ஒரு பக்கச் சுவரும் கரைய ஆரம்பித்தது. நாங்கள் யாருக்கும் போன் போடவில்லை. சாவடியில் படுத்திருந்த இளவட்டங்கள் சத்தம் கேட்டுத் தார்ப்பாயும் கயிறுமாக ஓடி வந்தார்கள். அரிசி மூட்டைகளைத் தூக்கி மாற்றிவிட்டுத்தான் தலையைத் துவட்டினார்கள்.

விடிந்ததும் அப்பத்தாமார்கள் வந்துவிட்டார்கள். தென்னமட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, நடுவே பிளந்து, காலை நீட்டி உட்கார்ந்து கீற்று முடைந்ததை எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அவர்களுக்கும் கை படிந்துவிட்டது. கரைந்த சுவருக்குக் கொத்தனார் தாத்தா பொறுப்பெடுத்துக்கொண்டார். கடுக்காயை இடித்து ஊறவைத்து, கருப்பட்டி கரைத்து, அந்தத் தண்ணீரைச் சில நாள் புளிக்கவிட்டார். பிறகு சுண்ணாம்பையும் மணலையும் அதில் குழைத்தார். விரலால் ஒரு பொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பார். எங்களில் சிலர் மண்வீடு கட்டப் பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றவர்கள். தாத்தாவின் விரலுக்குத் தெரிந்தது எந்த வகுப்பிலும் கிடைக்காது. அடுத்த மழையில் அந்தச் சுவர் பொட்டு உதிரவில்லை.

இன்னும் எத்தனையோ. அழகர் மதுரைக்குப் புறப்பட்டபோது ரோட்டோரப் பந்தலில் எங்கள் பிள்ளைகளையும் நீர்மோர் ஊற்ற வைத்தீர்கள். ஒரு குழந்தைக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு வந்தவர்களுக்கும், வெயிலென்று பார்க்காமல் தினமும் எட்டிப்பார்த்த செவிலியர் அக்காவுக்கும் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம். இடுப்பில் காலிக் கேனைக் கட்டி நீச்சல் சொல்லிக்கொடுத்த அண்ணன், வண்டல் மண் எடுக்கத் தாலுகா ஆபீசில் எங்கள் மனுவையும் சேர்த்துக் கொடுத்த மச்சான், கூழ்வத்தல் போட மொட்டைமாடியைத் திறந்துவிட்ட சின்னம்மா, எல்லோருக்கும் நன்றி.

எங்களோடு வந்து சேர இன்னும் சில குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகி, கிணறுகள் ஊறியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் வந்து கேட்போம். வரத்துக்கால் தூர்வாரவும் கரையில் சீமைக்கருவேல் வெட்டவும் வீட்டுக்கு ஓர் ஆள் எங்கள் பக்கத்திலிருந்து வருவார்.

ஆடி 18 அன்று மதியச் சாப்பாடு சமையற்கூடத்தில், எல்லா வீட்டுக்கும். அண்டா, கரண்டி சாவடியில்தான் கேட்டு வாங்குவோம். மாமா, தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அன்றைக்குப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எங்கள் பொறுப்பு. அத்தையையும் கூட்டிக்கொண்டு நேரத்தோடு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துக் குடும்பங்கள்